ஸ்டேட்டஸில் போட்ட வீட்டுக்கணக்கு

மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருப்பது பணய வீடு. என் பிறந்த ஊரான பொள்ளாச்சிப் பக்கம் இதைப் போக்கியம் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். வர வேண்டும்.

நாங்கள் கொடுத்திருந்தது நான்கு லட்சம். போன தடவை ஒப்பந்தம் புதுப்பிக்க வந்த வீட்டுக்காரர், சாயாவைக் குடித்து முடித்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவ அஞ்சு ஆக்கணும் கேட்டோ. ஒரு வருஷம் டைம் உண்டு. முடியலெங்கில் சொல்லணும், வேற ஆள் இருக்கு."

அவர் முனை திரும்புவதற்குள் எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு லட்சத்துக்கு எங்கே போவது, வீடு போனால் எங்கே போவது, மகள் திருப்பூணித்துறைக்குக் காலேஜுக்குப் போக எந்த பஸ் பிடிப்பாள் என்று, இன்னும் நடக்காததையெல்லாம் வரிசையாக நடத்திப் பார்த்தேன். எனக்கு அது பழக்கம். எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டதும் கணக்கு வராமல் அல்ல. பரீட்சை என்றால் முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். அந்தக் காய்ச்சலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், போதும் விடு என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

என் கணவருக்குப் பெட்டி ஆட்டோ. பஜாரில் உள்ள கிடங்குகளிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு எடப்பள்ளி வரை போவார். நான் வீட்டில் நைட்டி தைக்கிறேன். இரண்டு பேர் வருமானமும் சேர்ந்தால் மோசமில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பட்டு வாங்கினேனா, நகை வாங்கினேனா? எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை.

"அம்மா, ஃபோன்ல பொண்ணுங்க மாசா மாசம் அவங்க வரவு செலவ அப்படியே போடுறாங்க. எல்லாரும் பாக்குறாங்கன்னு தெரிஞ்சா கை தானா அடங்குமாம்" என்றாள் மகள். "நீயும் வாட்சப் ஸ்டேட்டஸ்ல போடேன்."

"நம்ம வீட்டுச் சோத்துப்பானையத் தெருவுக்குக் கொண்டு போகச் சொல்றியா?"

"யாராவது பாத்துட்டு இருந்தாத்தான்மா நீ ஒழுங்கா இருப்ப."

அது உண்மை. ரமலானில் தனியாக இருக்கும்போதுகூட, யாரோ பார்க்கிறார்கள் என்றுதான் தண்ணீர்ப் பானைப் பக்கம் போகமாட்டேன். படைத்தவன் பார்ப்பது வேறு. எனக்கு எதிர் வீட்டுக்காரியும் பார்க்க வேண்டும்.

ஒரு மாதம் முழுக்கக் குறித்து வைத்து, முதல் தேதியன்று போட்டேன். அதில் ஒரு சாமர்த்தியம் செய்தேன். தமிழில் எழுதினேன். எங்கள் தெருவில் தமிழ் பேசுகிற வீடுகள் நிறைய. ஆனால் வாசிப்பது எல்லாரும் மலையாளம்தான். என் மகளே தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆக, ஊருக்குக் காட்டிய மாதிரியும் ஆயிற்று, ஊருக்குத் தெரியாத மாதிரியும் ஆயிற்று. பொள்ளாச்சியில் அண்ணன் மட்டும் வாசிப்பார். அவர் பரவாயில்லை.

வரவில் ஆட்டோவும் தையலும். செலவில் அரிசி மளிகை, மீன், காய்கறி, டீசல், கரண்ட், பஸ் பாஸ். எல்லாம் போட்டும் ஐயாயிரத்துச் சொச்சம் எந்தத் தலைப்பிலும் அடங்கவில்லை. மழைக்கு முன்னால் வாங்கி வைத்த இன்னொரு மூட்டை அரிசி. வேலியேற்றத்தில் கடல் பொங்கித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் துணிமணி போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் டிரம். டார்ச் லைட் கெட்டுப்போனால் என்று இன்னொரு டார்ச் லைட். ஒன்றில் சிக்னல் போனால் என்று இரண்டு சிம்முக்கும் ரீசார்ஜ். வாயுப் பிடிப்பை மாரடைப்பென்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ கூலி, அங்கே எடுத்த ஈசிஜி. இதற்கெல்லாம் என்ன பெயர் வைப்பது? கடையில் நிற்கும்போது என்ன சொல்லி வாங்குவேனோ அதையே வைத்தேன்: எதுக்கும் இருக்கட்டும். அதற்குக் கீழே, வீட்டுக்காகச் சேர்ந்தது: ஆயிரத்து எண்ணூறு.

அன்று முழுக்க, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கண் படத்துக்குப் பக்கத்தில் காட்டும் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது பேர், நாற்பது பேர். நூல் கோக்கவே வரவில்லை. அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிட்டு, "என்ன தாயி, ஈசிஜிக்கு இந்த மாசமும் மொய் எழுதிட்டியாட்ட இருக்குது" என்று சிரித்தார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் டார்ச் வாங்கவில்லை. அதற்கடுத்த மாதம் ஈசிஜி இல்லை. சேர்ந்த தொகை என்று கடைசி வரியில் வருகிற எண் ஏறிக்கொண்டே போனது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுக்காரி வந்தாள். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிடச் சின்னவள். கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் சுருட்டியிருந்தன.

"இத்தா, ஒரு காரியம் சொன்னா எதிர்ப்பு சொல்லக்கூடாது. என்னையும் சேத்துக்கணும்."

"எதுலடீ?"

"குறியில."

"எந்தக் குறி?" சீட்டைத்தான் இங்கே குறி என்பார்கள்.

"அய்யடா! ஒண்ணும் அறியாத்த போல! மாசாமாசம் ஸ்டேட்டஸ்ல ஆளு பேரும் அவங்க போட்ட காசும் எழுதுறீங்க. அடியில கூட்டுத்தொகை வேற ஏறிட்டே போகுது. தமிழ் வாசிக்கத்தான் அறியாது, நம்பர் அறியாதோ? தெருவுல எல்லாருக்கும் தெரியும். எதுக்கும் உங்ககிட்ட நேரிட்டு கேப்போம்னு வந்தேன்."

எழுத்தை மறைத்தேன், எண்ணை மறைக்கவில்லை. 'மீன்' என்பதை யாரோ ஒரு ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஆள் மாதம் நாலாயிரம் சீட்டுப் போடுகிறார் என்று தெருவே நம்பியிருக்கிறது. பதிவு செய்யாமல் சீட்டுப் பிடிக்கிறேன் என்று யாராவது போலீஸில் சொன்னால்? வீட்டுக்காரர் கேள்விப்பட்டால்? அடுத்த மாதமே பணயமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இறங்கு என்பாரே!

அன்றைக்கே மகளை உட்கார வைத்து, மூன்று மாதக் கணக்கையும் மலையாளத்தில் எழுத வைத்தேன். மேலே பெரிதாக, இது குறி இல்லை, எங்கள் வீட்டு வரவு செலவு, பணயத்துக்கு ஒரு லட்சம் சேர்க்கிறோம் என்று போடச் சொன்னேன். 'எதுக்கும் இருக்கட்டும்' என்பதை மகள் அப்படியே மலையாளத்துக்கு மாற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டு பாஷைலயும் ஒண்ணுதான்மா. நீ மட்டும் இல்ல, எல்லாரும் இப்படித்தான் போல."

அதற்குப் பிறகுதான் நிஜமாகவே எல்லாரும் பார்த்தார்கள். எதிர் வீட்டுக்காரி, "மீனுக்கு நாலாயிரமா? அந்த மீன்காரச் சேட்டன் உங்கள நல்லா ஏமாத்துறான் இத்தா, இனி என்கூட வாங்க" என்று என்னைக் காலையில் தோப்பும்படி மீன்துறைக்கு இழுத்துப்போய், மத்திக்குப் பேரம் பேசிக் கொடுத்தாள். மருந்துக்கடைப் பையன் காய்ச்சல் மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இத்தா, போன வாரந்தானே வாங்கினீங்க? ஸ்டேட்டஸ்ல வரும் கேட்டோ" என்றான். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மாத்திரை வாங்காமல் வந்தேன். அன்றிரவு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மழைக்காலத்தில் வண்டியின் கிளட்ச் போனது. பழுது பார்த்தது போக அந்த மாதம் மிச்சம் ஒன்றுமில்லை. முதல் தேதி வந்ததும் கணவர், "இந்த மாசம் போடாதே, பின்னே சேத்துப் போடலாம். யாரு கேக்கப் போறாங்க?" என்றார். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் போடாமல் விட்டால் ஆளாளுக்கு என்ன நினைப்பார்களோ என்ற பயம், பூஜ்யம் போடுகிற வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. பூஜ்யம் என்றே போட்டேன். அன்றைக்கு யாரும் கிண்டல் செய்யவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஆனால் அந்த வாரத்திலேயே மூன்று பெண்கள் நைட்டித் துணியோடு வந்தார்கள். அதுவரை வேறு இடத்தில் தைத்துக்கொண்டிருந்தவர்கள். ஒருத்தி மட்டும், "இத்தா, தைக்கிறவங்கன்னு அந்தக் கணக்குல கண்டுதான் அறிஞ்சேன்" என்றாள். மற்ற இருவரும் காரணம் சொல்லவில்லை.

வருடம் முடிந்தபோது கையில் எழுபத்து நாலாயிரம் இருந்தது. இருபத்தாறாயிரம் குறைவு. வீட்டுக்காரர் வருகிற அன்று காலையிலிருந்தே கணவர் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். "நீ வாயத் திறக்காதே. நான் முதல்ல அம்பதுன்னு சொல்வேன். அவர் முறைப்பார். அறுபதுன்னு ஏத்துவேன். எழுபத்தஞ்சு கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

"அத்தா, அவர் நம்பரும் அம்மா ஃபோன்ல இருக்கு" என்றாள் மகள்.

வீட்டுக்காரர் வந்தார். தேவராவில் மகனோடு இருக்கிறார். வியாபாரத்தில் தமிழ் பழகியவர். நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "எழுபத்து நாலு அல்லே?" என்றார். கணவர் சாயா கொண்டு வருகிற சாக்கில் அடுக்களைக்குப் போய்விட்டார்.

"மாசாமாசம் பாத்துட்டுத்தான் இருக்கேன். மழக்காலத்துல பூஜ்யம் போட்டப்ப என் பாரியா கேட்டா, இவங்களயா இறக்கி விடப் போறீங்கன்னு. மீதி இருபத்தாறு மெதுவா தந்தா மதி, அது போதும். வேற ஆளுன்னு சொன்னது சும்மா இல்ல, வந்தான். அவன் காசு எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. உங்க வீட்டுல மத்தி என்ன விலைன்னு வரைக்கும் எனக்குத் தெரியும்."

சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. வருடக்கணக்காகத் தொண்டையில் இருந்தது வந்துவிட்டது.

"இக்கா, நாங்க எங்க கணக்கச் சொல்லிட்டோம். எங்க நாலு லட்சம் எங்க இருக்கு?"

அடுக்களையில் டம்ளர் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"தேவராவில என் மகன் வீட்டு மாடியில இருக்கு. சிமென்டா ஆயிடுச்சு."

"நாங்க இறங்குறப்ப?"

"அடுத்து வர்றவன் தர்றத எடுத்துத்தான் தருவேன். இந்த ஊருல எல்லாரும் அப்படித்தான்."

"அவன் வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் நீங்க இங்க இருங்க. யாரு உங்களப் போகச் சொன்னது?"

"அத எழுதிக் கொடுத்துடுங்க இக்கா. காசு முழுசா கைக்கு வராம நாங்க இறங்க வேண்டாம்னு."

"எடோ, உன் பாரியாளு வக்கீல் ஆகியிருக்கணும்!" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினார். ஆனால் எழுதினார். முத்திரைத்தாளில் ஏற்கெனவே அடித்து வந்திருந்த ஒப்பந்தத்துக்குக் கீழே, தன் கையாலேயே மலையாளத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகள் அதை எனக்குச் சத்தமாக வாசித்தாள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். ஐந்து லட்சம் முழுசாக ஆனதும் அதையும் இதிலேயே குறித்துத் தருவதாகச் சொல்லிவிட்டு, இரண்டாவது சாயாவையும் குடித்துக் கிளம்பினார்.

அவர் போனதும் கணவர் எதிர் வீட்டிலிருந்து துளை போடுகிற மெஷினை வாங்கி வந்தார். தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு பலகை வேண்டுமென்று நான் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இறங்கச் சொல்லிவிட்டால் வீண்தானே என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். எங்கே வேண்டும் என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று அவரை அலைக்கழித்தேன். சுண்ணாம்புப் பொடி என் தலையிலும் துணிகளிலும் உதிர்ந்தது. பலகை கொஞ்சம் சரிந்துதான் நின்றது. நூல்கண்டுகள் உருண்டு விழவில்லை, அது போதும்.