இரண்டு வருட மேகம்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு பச்சைப் பொய் இருந்தது. எழுதச் சொன்னவர் என் வழிகாட்டி. நல்ல மனிதர்தான், ஆனால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தே காலத்தை ஓட்டியவர்.

தொண்ணூறுகளில் நான் திண்டுக்கல்லில் கல்லூரி விரிவுரையாளர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சுற்றும் இரண்டு விண்மீன்களை. தொலைநோக்கியிலும் அவை ஒரே புள்ளிதான். ஒன்று மற்றதை மறைக்கும்போது புள்ளி மங்கும். எப்போது மிகவும் மங்குகிறது என்று நேரம் குறிக்க வேண்டும். கணக்குப்படி வர வேண்டிய நேரத்துக்கும் நிஜமாக வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வருடாவருடம் வரைபடத்தில் புள்ளியாக வைப்பேன்; புள்ளிகள் நேர்கோட்டில் நிற்காமல் வளைந்தால், விண்மீன்கள் சுற்றும் காலம் மாறுகிறது என்று அர்த்தம். வருடத்துக்கு ஒரு கண்ணிமைப்புகூட இல்லாத மாற்றம். அதற்குப் போய் இவ்வளவு பாடா என்று கேட்காத உறவினர் கிடையாது.

நாகல் நகர் வீட்டு மொட்டைமாடியில்தான் கருவி. என் கணவருக்குப் பூ வியாபாரம். அவர் விடியுமுன் மார்க்கெட்டுக்குக் கிளம்புவார், நான் மாடியிலிருந்து இறங்குவேன். படிக்கட்டில் பார்த்துக்கொண்ட குடும்பம் எங்களுடையது.

பிறகு மகள் பிறந்தாள். பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு. இரண்டு வருடம் நான் மாடி ஏறவில்லை. திரும்ப ஏறியபோது வந்த அளவுகள் பழைய நேர்கோட்டிலிருந்து விலகி மேலே வளைந்திருந்தன. காலம் மாறுகிறது! அன்று நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். ஆனால் வளைவு தொடங்கும் இடத்தில் வரைபடம் இரண்டு வருடத்துக்குப் புள்ளியே இல்லாமல் கிடந்தது.

"வானிலை சாதகமா இல்லைன்னு போட்டுரும்மா. எல்லாரும் போடுறதுதான். வீட்டு விஷயமெல்லாம் ஆய்வேட்டுல வரக்கூடாது" என்றார் வழிகாட்டி. எரிச்சலாக இருந்தது. ஆனாலும் போட்டேன். அவர் கையெழுத்தில்லாமல் பட்டம் ஏது?

வாய்மொழித் தேர்வு நாளில் வெளியூர்த் தேர்வாளர் அந்தப் பக்கத்தில் வந்து நின்றார். அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"ஏம்மா, திண்டுக்கல்லுல ரெண்டு வருஷமா மேகமா? நான் பக்கத்துல கொடைரோட்டுல பொறந்தவன். அந்த வருஷமெல்லாம் எங்கம்மா தண்ணி லாரி பின்னாடி குடத்தோட ஓடுனாங்க."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"கோட்டுக்கு ஒத்து வராத புள்ளிகளை எடுத்துட்டீங்களா?"

வேண்டாத அளவுகளை மறைத்தேன் என்று அவர் முடிவுகட்டினால் அத்தனை வருட உழைப்பும் குப்பைதான். வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதையும் எடுக்கல சார். அளக்கவே இல்ல. எனக்குக் குழந்தை பொறந்துச்சு."

கடைசி வரிசையில், தூங்கும் மகளைத் தோளில் போட்டபடி என் கணவர் எழுந்துவிட்டார். அங்கே பேசலாமா கூடாதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

"சார், இந்தப் புள்ளைக்கு வீசிங்குங்க. ராத்திரி பூராம் இவதான் தோள்ல போட்டு நடந்துக்கிட்டே இருப்பா. அம்புட்டு நாளும் மாடிக்கு எங்கிட்டுப் போறது?"

தேர்வாளர் கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இடைவெளிக்கு அப்புறம் எடுத்த அளவெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது. முடிவு நிக்கும். ஆனா புள்ளி இல்லாத எடத்துல கோட்டை இழுக்காதீங்க, இடைவெளி விட்டுருங்க. மேகத்தை எடுத்துட்டு நடந்ததை எழுதுங்க."

மறுநாள் காலையில் டைப்பிங் சென்டருக்குப் போனேன். "இந்த இரண்டு ஆண்டுகளில் அளவுகள் எடுக்கப்படவில்லை. ஆய்வாளருக்குக் குழந்தை பிறந்திருந்தது." தட்டச்சு செய்த பெண் நிமிர்ந்து, "மேடம், இதையுமா போடணும்?" என்றாள். போடச் சொன்னேன்.

அந்தத் தடித்த புத்தகத்தில் யாரிடமும் காட்டித் திருத்தாமல் நானே எழுதியது அது மட்டும்தான்.