தங்கச்சியின் போர்வை

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு, எவர் தயவும் இல்லாமல் பட்டினத்தில் புடவைக்கடை வைத்தவன் நான். இன்று கடையில் ஒரு கலியாணக் கூறைச்சேலையை விரித்தேன். பட்டின் மணத்தோடு, கோப்பாயில் நான் பிறந்து வளர்ந்த வீடு நினைவில் வந்துவிட்டது.

அந்த வீட்டில் அன்று தங்கச்சி குளிர்காய்ச்சலில் நடுங்கினாள். இறந்துபோன எங்கள் தகப்பன் அப்புவின் வேட்டிகளை அம்மா துண்டாக்கி, மென்மையானவற்றை உடம்பில் படும் பக்கம் வைத்துப் போர்வை தைத்தாள். நடுவுக்குத் துணி போதவில்லை. பெட்டியிலிருந்து தன் கூறையை எடுத்தாள்.

"எணை அக்கா, கூறையிலை கத்தரிக்கோல் வைக்கிறதே?" என்றாள் சின்னம்மா.

"தாலியே போயிட்டுது. இனி எனக்கென்னத்துக்கடி உது?"

போர்த்தியதும் தங்கச்சி அந்தச் சிவப்பைத் தடவினாள். "நான் கலியாணப் பொம்பிளையோ அம்மா?"

"ஓம் குஞ்சு."

அந்தக் காய்ச்சலே அவளைக் கொண்டுபோனது. புதைக்கும்போது போர்வையைக் கழற்ற அம்மா விடவில்லை.

ஊரில் பாதிக் கலியாணப் பொம்பிளைகள் என் கடைக் கூறைதான் உடுத்தார்கள். நான் கூறையில் பார்த்த முதல் பொம்பிளை என் தங்கச்சி.