செல்லதுரையின் கணுக்கால்

கும்பகோணம் பக்கத்தில் ஒருவருக்குக் கால் வீங்கினால் டாக்டர் தேவையில்லை. டீக்கடையே யானைக்கால் என்று சொல்லிவிடும். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் செல்லதுரைக்கும் அப்படித்தான் சொன்னது. எங்கள் ஊர் வாய்க்கு என்றைக்குப் பூட்டு இருந்தது?

உண்மை வேறு. அந்தக் கோடையில் உளுந்து பிடுங்கும்போது தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டவரை, மனைவி செவ்வந்தி டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். ரத்தக் கொதிப்பு தாறுமாறாக ஏறிக் கிடந்தது. அம்லோடிபின் என்ற மாத்திரையைத் தினம் ஒன்று போடச் சொன்னார்கள். ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. போட்டார். தலைசுற்றல் நின்றது, கொதிப்பும் இறங்கியது. ஆனால் இரண்டு கணுக்காலும் உப்பிக்கொண்டன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

செல்லதுரையின் அப்பா பண்ணையாள். சட்டம் வந்து, சங்கம் வந்து, கொடி பிடித்து அடிபட்டு, கடைசியில் குத்தகைக்குக் கிடைத்தது ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். நிலத்துக்குச் சொந்தக்காரர் வைத்தியலிங்கம். சென்னையில் ஆட்சி சூரியனுக்கும் இலைக்கும் மாறி மாறிப் போகும். வைத்தியலிங்கத்தின் வேட்டிக் கரையும் கூடவே மாறும். குத்தகை நிலத்தின் மேல் வைத்த கண் மட்டும் மாறவில்லை. அந்தப் பக்கம் பெரிய ரோடு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி வந்து சேர்ந்தது செல்லதுரையின் கால்.

கோர்ட்டில் மனுப் போட்டார். செல்லதுரைக்கு யானைக்கால், சேற்றில் இறங்க முடியாது, சொந்த உழைப்பில்லாமல் கூலி ஆளை வைத்துச் சாகுபடி செய்கிறான், குத்தகையை ரத்து செய்யவேண்டும். சம்பா நடவு சமயத்தில் தாசில்தார் நேரில் வந்து பார்ப்பார் என்று முடிவாயிற்று.

செல்லதுரை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்தார்.

"யானைக்கால் மாதிரி தெரியலீங்க. இந்த மாத்திரை சில பேருக்கு இப்படி வீக்கம் குடுக்கும். ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வேற மாத்திரை மாத்தித் தர்றேன், அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் இதையே போடுங்க. நீங்களா நிறுத்திடக் கூடாது."

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் திரும்பியவரின் மனதில் நின்றது ஒன்றுதான். மாத்திரையை விட்டால் வீக்கம் இறங்கும்.

"டாக்டரம்மாகிட்ட ஒரு சீட்டு எழுதி வாங்கிக் காட்டுனா என்ன?" என்று சங்கத்து இராஜாங்கத்திடம் கேட்டார்.

"சீட்டா? வைத்தியலிங்கம் பத்து சீட்டு வாங்கிட்டு வருவாரு அண்ணே. தாசில்தார் கண்ணால பாக்குறதுதான் நிக்கும். எப்படியாவது கால் வீக்கத்த இறக்குங்க."

செவ்வந்தி சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "வருஷா வருஷம் நான்தானே நடுறேன், களை எடுக்குறேன். அதைச் சொல்லுங்களேன்."

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். "பொம்பள நட்டா அது நடவு. அதுக்குப் பேரு சாகுபடியா?" என்றார் செல்லதுரை. இதில் சிரிக்க என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் முதுகு ஒடிந்து நட்ட நெல்லைத்தான் அந்த வீட்டில் எல்லோரும் தின்றார்கள்.

மாத்திரையை நிறுத்தினார். ஆஸ்பத்திரிப் பக்கமும் போகவில்லை. போனால் வேறு மாத்திரை கொடுப்பார்கள், அதற்கும் வீங்கித் தொலைத்தால் என்ன செய்வது என்ற பயம். நாளாக நாளாக வீக்கம் வடிந்தது. கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தபோது சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். டீக்கடை அதை வேப்பெண்ணெய் வைத்தியம் என்றது.

தாசில்தார் ஜீப்பில் வந்தார். பக்கத்தில் குடையோடு வைத்தியலிங்கம்.

"வேட்டியத் தூக்குப்பா, காலப் பாப்போம்."

ஐம்பது தாண்டிய மனிதர், வாய்க்காலில் காலைக் கழுவிவிட்டு, சந்தையில் மாட்டைத் திருப்பிக் காட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் காட்டினார். பிறகு சேற்றில் இறங்கிப் பரம்படித்துச் சமன் செய்தார். தாசில்தார் திரும்பும்போது நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "இதுல வீட்டு ஆளு யாரும்மா?" என்று கேட்டார். செவ்வந்தி நாற்று முடியோடு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி குனிந்தாள். ஜீப் போயிற்று.

நடவு முடிவதற்குள், மடை திறக்கக் குனிந்த செல்லதுரை வாய்க்காலிலேயே சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிவிட்டது.

"மாத்திரையை எப்ப நிறுத்துனாரு?" என்று டாக்டரம்மா கேட்டார். செவ்வந்தி சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது செவ்வந்திக்கு.

தை பிறந்த பிறகு இராஜாங்கம் கோர்ட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, மனு தள்ளுபடி. நெலம் நம்மகிட்டயே நிக்குது."

கட்டிலில் கிடந்த செல்லதுரையின் முகம் ஒரு பக்கம் மட்டும் மலர்ந்தது.

"இவரு காலு நல்லா இருக்குன்னு தாசில்தார் எழுதிட்டாரா?" என்றாள் செவ்வந்தி.

இராஜாங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "காலப் பத்தி விசாரிக்கவே வேணாம்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க அண்ணி. சம்சாரம் நட்டுக்கிட்டு இருந்தத நேர்ல பாத்தேன்னு தாசில்தார் எழுதியிருக்காரு. குடும்பத்துல ஒரு ஆளு உழைச்சா போதுமாம், சட்டமே அப்படித்தானாம். வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

செவ்வந்திக்கு அழுகை வரவில்லை, ஆத்திரத்தில் குரல்தான் நடுங்கியது.

"அன்னைக்கு ரெண்டு பேரும் சிரிச்சீங்க தம்பி."

இராஜாங்கம் வாசலில் செருப்பைத் தேடினார். செல்லதுரை வாயைக் கோணிக்கொண்டு மனைவியிடம் என்னவோ சொல்ல முயன்றார். மறுபடி முயன்றார். என்ன என்று அவள் கேட்கவில்லை.