நம்ம ஆளு செய்த வேலை

தையற்கடைக்காரிக்கு அந்த எழுத்தாளர் மேல் இருபது வருட நம்பிக்கை. வீட்டில் அவருக்குப் பெயரே ‘நம்ம ஆளு’தான். அவருடைய துப்பறியும் கதை புதிதாக வந்துவிட்டால், அந்த வாரம் துணி தைக்கக் கொடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்.

அவளும் நாத்தனாரும் சேர்ந்து ஒரு பிரதிதான் வாங்குவார்கள். வாங்கிய கையோடு பிளேடால் முதுகில் கீறி அதை இரண்டாக்கிவிடுவாள். துணி வெட்டும் கத்தரியைக் காகிதத்தில் வைக்கிறவள் தையல்காரியே இல்லை என்பது அவள் கட்சி. முன்பாதி அவளுக்கு, பின்பாதி நாத்தனாருக்கு. கொலைகாரன் யாரென்று தெரியாமல் நாத்தனாருக்குச் சோறு இறங்காது. முடிவைப் படித்த பிறகுதான் ஆரம்பத்துக்கு வருவாள்.

இந்தத் தடவை பெருந்தொற்றுக் காலத்துக் கதை. முன்பாதியிலேயே தையல்காரிக்கு எரிச்சல் கிளம்பிவிட்டது. எல்லாரும் முகக்கவசம் போட்டிருப்பதால் யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியவில்லையாம். பக்கத்துக்குப் பக்கம் இதே சாக்கு. பிறகு நாயகியின் கணவன் ஆஸ்பத்திரியில் செத்துப்போகிறான். உடலைச் சுற்றிக் கட்டி, திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அங்கே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கணவரும் அப்படித்தான் வந்தார். முகத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த நினைப்பை ஓரங்கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க அவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும்.

மீதியைக் கேட்டால் நாத்தனார் இழுத்தடித்தாள். முதலில் இன்னும் முடிக்கவில்லை என்றாள். அப்புறம் பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றாள். தையல்காரி பொறுமை இழந்து அவள் வீட்டுக்கே போய் நின்றாள்.

“குப்பை அண்ணி, விடுங்க.”

“குப்பையா இல்லையான்னு நான் சொல்லிக்கறேன். நீ எடு.”

“சொன்னாக் கேளுங்களேன்.”

“ஒரு முடிவையும் வாய்க்குள்ள வச்சுக்க மாட்டே. இப்ப என்ன புதுசா?”

நாத்தனார் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். தையல்காரி பீரோவைக் குடைந்தாள், அலமாரியைக் கலைத்தாள். கடைசியில் மெத்தைக்கு அடியில் அகப்பட்டது. கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, குறுக்கே குறுக்கே தாண்டிப் படித்து முடித்தாள்.

ஆஸ்பத்திரியில் உடல் மாறிப்போய்விட்டதாம். அடக்கம் செய்தது வேறு யாரையோவாம். கணவன் ஜம்மென்று வாசலில் வந்து நின்று முகக்கவசத்தைக் கழற்றுகிறானாம். முற்றும்.

“இவ்வளவு வருஷமா ஒழுங்கா எழுதின மனுஷனுக்கு வேற முடிவே கிடைக்கலையா?” என்று கத்தினாள். “செத்தவன் வந்து நின்னா அது திருப்பமா? யாரைக் கேட்டு எழுதினாரு இதை?”

நாத்தனார் ஈரக் கையோடு வந்து நின்றாள். “அண்ணி... அன்னைக்கு நீங்களும் முகத்தைப் பாக்கலதானே?”

அவள் கண்ணில் ஆசை தெரிந்தது.

“பைத்தியமா உனக்கு? உன் அண்ணன் போயிட்டாரும்மா. கதையைப் படிச்சிட்டு இப்படியெல்லாம் யோசிக்காதே.”

நாத்தனார் தலையை ஆட்டினாள். அப்போது வாசல் மணி அடித்தது.

நாத்தனார் அசையவில்லை. தையல்காரிதான் பாதிப் புத்தகத்தோடு எழுந்து ஓடிக் கதவைத் திறந்தாள்.

தண்ணீர் கேன் போடுகிறவர் நின்றிருந்தார். “எங்கம்மா வைக்கட்டும்?” என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாவி,” என்றாள், புத்தகத்தை மூலையில் விட்டெறிந்து. “என்னையும் ஓடி வந்து கதவைத் திறக்க வச்சிட்டானே.” பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.