அழைப்பிதழில் நான் விட்ட பெயர்

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், மில்லிக்கன் பக்கம் சொந்தப் பட்டறை வைத்திருந்தேன். சமையல் குசினிக்கு அலுமாரி செய்து பொருத்துகிற வேலை. ஒரு வெள்ளைக்காரன் என்னிடம் சம்பளத்துக்கு நின்றான். ரொறொன்ரோவில் அந்த நாளில் எத்தனை தமிழனிடம் வெள்ளைக்காரன் வேலைக்கு நின்றான் என்று விசாரித்துப் பாருங்கள்.

அவனுடைய கைவேலை என்னுடையதைவிடத் திறம். அதை அவனிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை. நாலு வயதில் ஓர் அமிஷ் குடும்பம் அவனைத் தத்தெடுத்ததாம். வீட்டில் கறன்ற் இல்லை, கார் இல்லை, குதிரை வண்டியில் போய்வருகிற வேதக்காரச் சனம். மரவேலையை அங்கேதான் பழகினான். பதினெட்டு வயதில் வெளிக்கிட்டு வந்துவிட்டான். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. வேலை நடந்தால் எனக்குக் காணும்.

கேட்டவள் என் மகள்.

மகள் என்றுதான் நான் சொல்வேன். மனைவியின் தமக்கையும் புருஷனும் ஊரில் சண்டை நேரம் ஒரே ஷெல் அடியில் செத்துப்போனார்கள். அவர்களுடைய பிள்ளையை எட்டு வயதில் இங்கே கூப்பிட்டு, சட்டப்படி தத்தெடுத்தோம். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. என் மனைவியை ஒரு மாதத்தில் ‘அம்மா’ என்றாள். என்னை ஐந்து வருடமாகச் ‘சித்தப்பா’ என்றே கூப்பிட்டாள். முறை அதுதான், பிழை சொல்ல முடியாது. ஆனால் கேட்கிற ஒவ்வொரு தரமும் எனக்குச் சுள்ளென்று குத்தியது.

அவளுடைய தகப்பன் படித்த மனிதர். தபால் கந்தோரில் உத்தியோகம். மாமியார் வீட்டில் அவர் வந்தால் இருக்கக் கதிரை, நான் வந்தால் வெறும் வாங்குப்பலகை. செத்த மனிதரில் எரிச்சல்படக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் பஸ் எடுத்துப் பட்டறைக்கு வருவாள். என்னோடு ‘ஓம்’, ‘இல்லை’ இரண்டும்தான். அந்த வெள்ளைக்காரனோடு இங்கிலிஷில் ஓயாத கதை. அவர்கள் இருவரும் சிரிக்கிற நேரம் பார்த்து நான் வாள் மெஷினைப் போடுவேன். வெட்ட மரம் இல்லாவிட்டாலும் போடுவேன்.

பதின்மூன்று வயதில் அவள் பெரிய பிள்ளையானாள். சாமத்திய வீட்டைப் பெரிய மண்டபத்தில் வைக்க ஏற்பாடு செய்தேன். அழைப்பிதழ் வசனத்தை நானே எழுதினேன்: ‘எங்கள் செல்வப் புதல்வி’. கீழே என் பெயர், மனைவியின் பெயர். அவ்வளவுதான்.

அச்சடித்து வந்ததைப் பார்த்த மனைவியின் முகம் மாறிவிட்டது.

“அக்கா அத்தான்ரை பேர் எங்கை?”

“நல்ல காரியத்திலை ‘காலஞ்சென்ற’ எண்டு போடக்கூடாது.”

“பொய் சொல்லாதேங்கோ. ஊரிலை உள்ள கலியாணக் காட் முழுக்க அப்பிடித்தானே போடுகினம்!”

பிள்ளை ஓர் அழைப்பிதழ்க் காட்டை எடுத்துப் புத்தகப் பையில் வைத்தாள்.

அடுத்த நாள் பட்டறையில் அதை அந்த வெள்ளைக்காரனுக்கு இங்கிலிஷில் வாசித்து, தன்னைப் பெற்றவர்களின் பெயர் அதில் இல்லை என்று காட்டினாள். நான் செய்து முடித்த அலுமாரிகளுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு இங்கிலிஷ் பேச வராதே தவிர, விளங்கும்.

அவன் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: அந்த அமிஷ் வீட்டில் தன்னைப் பட்டினி போடவில்லை. வேதத்திலிருந்து ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். பெற்ற தாயைப் பற்றிக் கேட்டால் முழங்காலில் நிற்க வைத்தார்கள். வெளியாட்கள் எல்லாரையும் அவர்கள் ‘இங்கிலிஷ்’ என்பார்களாம். கோபம் வந்தால் மேசையில் கூட இருந்து சாப்பிடுகிற அவனையும் ‘இங்கிலிஷ்’ என்பார்களாம். கேட்பதை அவன் நிறுத்தினான். நிறுத்த, தாயின் பெயர் மறந்துபோனது. இன்றுவரை அவனுக்கு அது தெரியாது.

அப்போதுதான் அவள் தன் தகப்பனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கந்தோர் மேசையில் தன்னை ஏற்றி இருத்தி, தபால் முத்திரைகளை நாக்கில் நனைக்கத் தருவாராம். இனிக்கும் என்று பொய் சொல்வாராம். ஐந்து வருடம் என் வீட்டுச் சோறு தின்ற பிள்ளை இதை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. என் கூலியாளுக்குச் சொல்கிறாள். அவளுடைய தகப்பன் உயிரோடு இருந்திருந்தால் நேரே போய்ச் சண்டை பிடித்திருப்பேன்.

வேலை முடிந்து பட்டறை வான் வண்டியில் ஏறியதும் அவள் சொன்னாள்: “அப்பா அம்மான்ரை பேர் இல்லாட்டி நான் சாமத்திய வீட்டு மணவறையிலை இருக்க மாட்டன், சித்தப்பா.”

“உவன் சொல்லித் தந்தவனோ?”

“இல்லை. அவருக்கு அவரின்ரை அம்மான்ரை பேர் தெரியாது. எனக்கு ரெண்டு பேரின்ரையும் தெரியும்.”

நான் கையை ஓங்கவில்லை, முழங்காலில் நிற்கச் சொல்லவும் இல்லை. ஆனால் கேட்காதே என்று சொல்லாமல் சொல்லி வைத்திருந்தவன் நானும்தானே. மல்வேர்னில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் திரும்பாமல் நேரே அச்சகத்துக்கு விட்டேன்.

“எல்லாத்தையும் திருப்பி அடிக்க வேணும்,” என்றேன்.

அச்சகக்காரன் காட்டைப் பார்த்தான். “ஆரின்ரை பேர் மேலை, அண்ணை?”

“பெத்தவையின்ரை.”

“எழுத்து?”

“ஒரே அளவு. அவையளுக்கு ஒரு நூலளவுகூடப் பெரிசா வரப்படாது.”

பிள்ளை என்னைப் பார்க்காமல் அவனிடம் சொன்னாள்: “அப்பான்ரை பேருக்குப் பக்கத்திலை போஸ்ற் மாஸ்ரர் எண்டு போடுங்கோ, அங்கிள்.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். போடு என்று தலையாட்டினேன்.

“உங்களுக்கு என்ன போட, அண்ணை?”

அவள் முந்திக்கொண்டாள். “பட்டறை முதலாளி எண்டு போடுங்கோ.”

போட்டான். ஒரு பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுத்து ஒரே அளவுதான், நான் அடிமட்டம் வைத்து அளந்தேன். என்றாலும் அந்தப் போஸ்ற் மாஸ்ரருடைய பெயர்தான் வடிவாக அச்சில் விழுந்திருக்கிறது.