ஸுல்மாவுக்காக ஓடிய கோடு

தன் பெண்டாட்டியைத் தானே கொன்றுவிட்டதாக லிம்பெர்ட் நம்பினான். அந்த நினைப்பை அவன் மண்டையிலிருந்து எப்படியாவது பிடுங்கி எறிந்துவிட வேண்டும். அவன் அக்கா ஃபெலிசாவுக்கு அந்த வருடம் முழுக்க வேறு யோசனையே இல்லை.

எல் ஆல்டோ என்ற மலைநகரில் ஒரு ரொட்டிச் சூளையில் அவனுக்கு வேலை. வேலை முடிந்து வந்து, மயிரில் ஒட்டிய மாவைக் கழுவியதும் நேரே மேசைக்குப் போய்விடுவான். மேசை நிறைய கம்பிகளும் ஈயச் சுருளும் குட்டிக் குட்டி எல்சிடி திரைகளும் கிடக்கும். சந்தையில் தரையில் கொட்டி விற்கும் பழைய சாமான்களைத் துழாவி, செத்த ஜெராக்ஸ் மிஷினிலிருந்து ஒன்று, உடைந்த தராசிலிருந்து ஒன்று என்று கழற்றி வருவான்.

"பொணத்தோட கண்ணப் புடுங்கிட்டு வந்திருக்கான் பாரு" என்பாள் ஃபெலிசா.

"பொணம் இல்லக்கா, தூங்குது. எழுப்பிக் காட்டறேன்."

எழுப்பியும் காட்டுவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதன்முதலில் வாங்கிய எலக்ட்ரானிக்ஸ் கிட் பெட்டிக்குள் சீன எழுத்தில் ஒரே ஒரு தாள் இருந்தது. அதிலிருந்த படத்தைப் பார்த்தே எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டான். திரையோடு சேர்த்து வைக்கும் சின்னத் திருகை ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் திருப்பினால் வெறும் கறுப்புக் கட்டங்கள் வரும், மறுபக்கம் போனால் ஒன்றுமே தெரியாது, நடுவில் மயிரிழை போன்ற ஓரிடத்தில்தான் எழுத்து நிற்கும். இதை ஃபெலிசா தன் கடைக்கு ஊதாச் சோளக் கஞ்சி குடிக்க வரும் அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது கரண்டியைத் திருகு மாதிரி திருப்பியும் காட்டுவாள்.

அங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் திரை வெளிறிப்போய் எழுத்துகள் ஊர்ந்து வரும். லிம்பெர்ட் அதை ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொள்வான். "என்னையும் ஒரு நாள் இப்படி அடைகாத்தா என்னவாம்?" என்பாள் அவன் பெண்டாட்டி ஸுல்மா.

ஸுல்மா பள்ளத்தாக்குப் பக்கத்துப் பெண். சின்ன வயதில் மண் சுவர் வீட்டில் படுத்திருந்தபோது வின்சுக்கா பூச்சி கடித்திருக்கிறது. அது விட்டுப்போன நோய் ரத்தத்தில் பல வருடம் சத்தமில்லாமல் கிடந்து, கடைசியில் இதயத்தைப் பிடித்தது. மாடிப்படி பாதி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதயம் வீங்கியிருக்கிறது, துடிப்பைச் சீராக்கும் கருவி வைக்க வேண்டும், முறை வரும்வரை காத்திருங்கள் என்றார் டாக்டர்.

காத்திருக்கும்போது ஜனவரி வந்தது. அலசித்தா சந்தை நாளில், எது வேண்டுமோ அதைக் குட்டியாக வாங்கி, நடுப்பகலில் புகை காட்டி, வேண்டியவர் கையில் கொடுக்க வேண்டும். வருடம் முடிவதற்குள் அது பெரிதாகி வீடு வந்து சேரும். எல்லோரும் மண்ணால் செய்த வீடும் தகரக் காரும் வாங்கினார்கள். லிம்பெர்ட் கடையில் எதையும் வாங்கவில்லை, மேசையிலேயே செய்தான். அந்த வகைத் திரையில் நாமாகப் படம் வரைய எட்டுக் கட்டம்தான் கிடைக்கும். அந்த எட்டையும் வைத்து, இதயத் துடிப்பு மலை மலையாக ஏறி இறங்கி ஓடுகிற மாதிரி ஒரு கோடு வரைந்தான். சுற்றி வெள்ளை அட்டையில் பெட்டி, பக்கத்தில் இரண்டு ஒயர். ஆஸ்பத்திரி மானிட்டரேதான், உள்ளங்கையில் அடங்கும் அளவில்.

"ஊர்ல இருக்கிற புருஷனெல்லாம் பொண்டாட்டிக்கு வீடு குடுக்கறான், காரு குடுக்கறான்" என்றாள் ஸுல்மா. "எனக்கு வாய்ச்சவன் ஆஸ்பத்திரி மிஷின் குடுக்கறான்."

"கோடு நிக்காம ஓடுது பாருடி. அதுதான் நான் கேக்கறது."

புகை போடும் கிழவர் அதன்மேல் பூவிதழ் தூவி, சாராயம் தெளித்தார். திரைக்குள் ஈரம் இறங்கிவிடுமோ என்று லிம்பெர்ட் கையால் மறைத்தான். "மறைக்காத தம்பி, வேண்டுதல் மேல படணும்" என்றார் கிழவர். அவன் கையை எடுத்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற ஃபெலிசாவுக்குப் பெருமையில் மூச்சு முட்டியது. சந்தை முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்று கிடைக்காது.

கார்னிவல் திருவிழா முடிந்த வாரம் ஸுல்மா அடுப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் இறங்கட்டும், பிறகு கருவி வைக்கலாம் என்றார்கள். ஃபெலிசா உள்ளே போனபோது தம்பி கட்டிலைப் பார்க்காமல் தலைமாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வெள்ளைப் பெட்டியில் ஒரு கோடு மலை மலையாக ஏறி இறங்கியது.

"கேட்டது வந்துருச்சுக்கா" என்றான். "நான் அவ சுகமாகணும்னு செய்யல. மிஷினைத்தான் செஞ்சேன். மிஷின் வந்துருச்சு."

காய்ச்சல் இறங்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவன் மேசைப் பக்கமே போகவில்லை. சூளைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்துப் படுப்பான். பூச்சி கடித்த நோய் என்று ஃபெலிசா சொல்லிப் பார்த்தாள். டாக்டரையே சொல்ல வைத்தாள். அவன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஒரு பெட்டி படுக்கை செஞ்சு குடுத்திருக்கலாம். ஊருக்குப் போற மாதிரி. இல்ல, ஒரு ஜோடி நடன செருப்பு" என்பான்.

அடுத்த ஜனவரியில் ஒரு மத்தியானம், ஃபெலிசா கஞ்சிக் குவளையோடு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"டேய், அலசித்தாவெல்லாம் சும்மாடா. சின்னப் பிள்ளைங்க சொப்பு வச்சு விளையாடற மாதிரி. மண்ணு பொம்மைக்கு என்ன தெரியும்?"

"அப்போ உன் வீடு?"

புருஷன் விட்டுப் போன வருடம் ஃபெலிசா வாடகை அறையில் கிடந்தாள். அப்போது இதே தம்பிதான் ஒரு மண் வீட்டை வாங்கிப் புகை காட்டிக் கொடுத்தான். அந்த வருடமே இந்த வீட்டுக்கு மனை அமைந்தது. அலமாரியில் வைத்திருக்கும் அந்தப் பொம்மை வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தோறும் சொட்டுச் சாராயம் தெளிக்காமல் அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

"அது நான் கஞ்சி வித்துக் கட்டினது" என்றாள்.

"சரிக்கா."

அந்தச் 'சரி' அவளால் பொறுக்க முடியாததாக இருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து பொம்மை வீட்டை எடுத்து வந்து, அவன் காலடியில் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டாள். சிவப்புக் கூரை நாலாகத் தெறித்தது.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல. வீடு நிக்குது. நீ யாரையும் கொல்லல."

லிம்பெர்ட் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். கதவு, ஜன்னல், கூரைத் துண்டு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பொருத்திப் பார்த்தான்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின? எனக்காக ஏன்க்கா?"

கேட்டுக்கொண்டே நிமிர்ந்து, தலைக்கு மேலிருந்த கூரையைப் பார்த்தான். ஃபெலிசா அவனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் கண்ணும் தானாக மேலே போனது.