ஆஜர் அண்ணனின் சாவி

ஒன்றரை வருஷமாக அவரை எல்லோரும் ஆஜர் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. பூட்டு ரிப்பேர், சாவி போட்டுக் கொடுப்பது தொழில். ஒரு கிடங்கின் பூட்டைத் திறந்து யாரோ துணி மூட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கள்ளச்சாவி போட்டுக் கொடுத்தது இவர்தான் என்று வழக்கு. போலீஸார் கடையில் தொங்கிய கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, உறையில் போட்டு அரக்கு வைத்துக் கொண்டுபோனார்கள். எந்தச் சாவி என்றுகூட இவருக்குக் காட்டவில்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் வரவேண்டியதில்லை, மனு போட்டுக்கொள்ளலாம் என்று வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவர் கேட்டால்தானே.

"என்னைப் பத்திப் பேசுறாங்க. நான் இல்லாம எப்படி சார்?"

கடையைச் சாத்திவிட்டு இருபத்திரண்டு வாய்தாவுக்கும் போனார். பெயரைக் கூப்பிட்டதும் கூரை அதிர "ஆஜர்" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

எரிச்சலெல்லாம் மனைவிக்குத்தான். வீட்டின் இரண்டாவது சாவி எங்கேயோ தொலைந்துபோக, மிச்சமிருந்த ஒன்று இவர் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்து, இவர் வரும்வரை அவர் வாசற்படியில் காத்துக் கிடக்கவேண்டும். ஊருக்கெல்லாம் சாவி போடுகிறீர்களே, வீட்டுக்கு ஒன்று போடக்கூடாதா என்பார். பழையது கடையில்தான் கிடக்கும், தேடித் தருகிறேன் என்பார் இவர். நல்ல மனிதர்தான், ஆனால் வீட்டு வேலை என்றால் சோம்பேறி. மறைப்பானேன்.

வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் சாட்சி சொல்லும் நாள் வந்தது. அன்றைக்கென்று பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. இவர் இல்லாமலே தொடங்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று வக்கீல் எழுந்தார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தண்டனை வந்தா அனுபவிக்கப்போறது நீங்களா, அவரா? அவர் வரட்டும்."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் ஓடி வந்து கூண்டில் நின்றபோது மூச்சு இரைத்தது. ஆனாலும் ஆஜர் சொல்லத் தவறவில்லை.

உறையைப் பிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சாவியைத் தூக்கிக் காட்டினார். தலையில் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கிறது பாருங்கள், கிடங்குச் சாவியை அடையாளம் காண இந்தக் கும்பல் வைத்த ரகசியக் குறி என்றார். கூண்டில் நின்றவருக்கு முதலில் வாய் பிளந்தது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வக்கீலைக் கையசைத்துக் கூப்பிட்டு, காதோடு சொன்னார்.

"அது என் வீட்டுச் சாவி சார். கடைச் சாவியோட கலந்துடக் கூடாதுன்னு என் வீட்டுக்காரி நகப்பாலிஷ் வச்சா. கிடங்குப் பூட்டுல போட்டுப் பாக்கச் சொல்லுங்க. திரும்பாது."

வக்கீல் தயங்கினார். ஒருவேளை திரும்பிவிட்டால்? ஆனாலும் கேட்டார். சான்றாகக் கொண்டுவந்திருந்த கிடங்குப் பூட்டு மேஜையிலேயே இருந்தது. நீதிபதி சொல்ல, இன்ஸ்பெக்டரே சாவியை நுழைத்தார். உள்ளே போயிற்று, அசையவில்லை. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், நெற்றி வியர்த்ததுதான் மிச்சம். இதற்குமுன் ஒருதடவையாவது போட்டுப் பார்த்தீர்களா என்று நீதிபதி கேட்டார். இன்ஸ்பெக்டர் சாவியை உருவி மறுபடி உறைக்குள் போட்டார்.

வேறு சாட்சியம் எதுவும் இல்லை. அடுத்த மாதமே விடுதலை என்று தீர்ப்பு வந்தது. கேட்டதும் அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதார். சந்தோஷத்தில்தான். அப்புறம், சாவியைத் திரும்ப வாங்க நீங்கள் வரவேண்டாம், குமாஸ்தாவை அனுப்புகிறேன் என்று வக்கீல் சொல்லிப் பார்த்தார். சொல்லி என்ன பயன்? மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். கையெழுத்துப் போட்டதுதான் இவர். சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டது அவர்.

மறுநாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசற்படி காலி. உள்ளே விளக்கு எரிந்தது, தாளிக்கிற வாசனை தெருவரைக்கும் வந்தது. பையில் சாவி இருந்தும் அவர் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"ஆஜர்" என்றார்.